அம்பாசிடரா... டிசையரா? ‘அந்தக் காலத்து இரும்பு கெட்டி’ என்பது உண்மையா? - விரிவான விளக்கம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ரிட்டயர்மென்ட் நெருங்கும் வீடுகளில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். குவார்ட்டர்ஸை என்எல்சியிடம் ஒப்படைத்துவிட்டு வடலூர், பண்ருட்டி, கடலூர் என்று எங்காவது குடிபோக வேண்டும். பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் லாரியில் ஏறிவிடும். ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய அம்பாசிடரை என்ன செய்வது?

“பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்பா” என்பார்கள் பிள்ளைகள். “இது அந்தக் காலத்து இரும்பு. இடிச்சா எதிர்ல வர்ற வண்டிதான் நசுங்கும். உங்க புது கார் எல்லாம் தகர டப்பா” என்பார் அப்பா.

இந்த வாதத்தில் யார் சொல்வது சரி? பழைய அம்பாசிடரையும், இன்று அதே இடத்தைப் பிடித்திருக்கும் மாருதி டிசையரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பதில் கிடைக்கும். அப்பா சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி, குடும்பத்தோடு ஹைவேயில் போகும்போது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய தவறான நம்பிக்கை.

நெய்வேலிக்கும் அம்பாசிடருக்கும் ஒரே வயசு!

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவனமாகப் பதிவானது 1956 நவம்பர் 14-ல். சுரங்கப் பணியை அப்போதைய பிரதமர் நேரு தொடங்கி வைத்தது 1957 மே மாதம். அதே 1957-ல்தான் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து அம்பாசிடர் வெளியே வந்தது.

முடிவும்கூட கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தர ஆரம்பித்து, 2020-ல் மூடப்பட்டது. 58 வருட ஓட்டம். அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 57 வருட ஓட்டம். இரண்டுமே சுதந்திர இந்தியா ‘நாமே செய்து கொள்வோம்’ என்று இறங்கிய காலத்தின் பிள்ளைகள்.

ஆனால் அம்பாசிடரின் வடிவம் நம்முடையது அல்ல. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற காரின் உரிமத்தையும் கருவிகளையும் வாங்கி இங்கே தயாரித்ததுதான் அம்பாசிடர். இங்கிலாந்தில் அந்த மாடல் 1950-களிலேயே முடிந்துவிட்டது. நம் ஊரில் மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று முகப்பும் இன்ஜினும் மாறினாலும், உள்ளே இருந்த உடற்கட்டு கடைசி வரை ஏறக்குறைய அதேதான். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இது முக்கியம்.

நேருக்கு நேர்: எது பெரியது?

பெட்ரோல் அம்பாசிடரையும் 2024 நவம்பரில் அறிமுகமான புதிய டிசையரையும் அளந்து பார்த்தால் சில ஆச்சரியங்கள் இருக்கின்றன.

நீளம்: அம்பாசிடர் சுமார் 4.32 மீட்டர். டிசையர் 3.995 மீட்டர். 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் 5 மில்லிமீட்டர் குறைத்துச் செய்யப்பட்ட கார் டிசையர்.

அகலம்: அம்பாசிடர் சுமார் 1.66 மீட்டர். டிசையர் 1.735 மீட்டர். ஆமாம், டிசையர்தான் அகலம்!

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்: இரண்டிலும் கிட்டத்தட்ட 2.45 மீட்டர்தான்.

இன்ஜின்: அம்பாசிடரில் நீண்ட காலம் இருந்தது 1,489 சிசி, 4 சிலிண்டர், சுமார் 50 குதிரைத்திறன். டிசையரில் 1,197 சிசி, 3 சிலிண்டர், சுமார் 80 குதிரைத்திறன். இன்ஜின் சின்னது, சக்தி பெரிது.

எடை: அம்பாசிடர் ஒரு டன்னைத் தாண்டும். டிசையர் பெட்ரோல் மாடல் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ‘தகர டப்பா’ என்று கிண்டல் செய்யும் அளவுக்கு எடை வித்தியாசம் பெரிதாக இல்லை.

அம்பாசிடர் எதில் ஜெயிக்கிறது?

முதலில் அப்பா பக்க நியாயம். அம்பாசிடரின் பெரிய பலம் அதன் உட்காரும் இடம். கூரை உயரம், சீட் உயரம். வேட்டி கட்டியவரும், மடிசார் கட்டிய பாட்டியும், மூட்டு வலிக்காரரும் குனியாமல் ஏறி இறங்கலாம். முன்பக்கம் ஒரே நீள பெஞ்ச் சீட், கியர் ஸ்டீயரிங் பக்கத்தில். அதனால்தான் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள் என்று ஒரு கல்யாண வீடே அதில் ஏற முடிந்தது.

அடுத்தது, மேடு பள்ளம். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கும் பெரிய சக்கரமும் சேர்ந்து மோசமான ரோட்டையும் தாங்கும். பிரிட்டனின் ‘டாப் கியர்’ டிவி நிகழ்ச்சி 2013-ல் நடத்திய டாக்ஸி போட்டியில், உலகின் சிறந்த டாக்ஸி என்ற பட்டம் அம்பாசிடருக்குத்தான் போனது.

மூன்றாவது, ரிப்பேர். கார்பரேட்டர், பாயிண்ட், ஃபேன் பெல்ட். பானட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்திருக்கும் மெக்கானிக் ரோட்டோரத்திலேயே சரிசெய்துவிடுவார். டிசையரில் இன்ஜினைக் கட்டுப்படுத்துவது கம்ப்யூட்டர். கோளாறு வந்தால் ஸ்கேனர் வேண்டும். ஆனால் அம்பாசிடரைப் போல அடிக்கடி பானட்டைத் திறக்க வேண்டிய தேவையும் டிசையரில் இல்லை.

சரி, ‘கெட்டி இரும்பு’ கதை என்ன?

இங்கேதான் அப்பா தோற்கிறார்.

இதற்கு நேரடியான சோதனை ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கார் விபத்துகளை ஆராயும் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு, தன் 50-வது ஆண்டையொட்டி 2009-ல் ஒரு பழைய காரையும் புதிய காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. ஒன்று, 1959 மாடல் செவர்லே பெல் ஏர். அம்பாசிடரின் அதே காலத்துக் கார். இன்னொன்று, 2009 மாடல் செவர்லே மாலிபு. வேகம் மணிக்கு சுமார் 64 கி.மீ. இரண்டின் எடையும் ஏறக்குறைய ஒன்று.

பார்த்தவர்கள் பலர் எதிர்பார்த்தது, பழைய கார் புதியதை அப்பளமாக நொறுக்கும் என்று. நடந்தது தலைகீழ். பெல் ஏரின் டிரைவர் உட்காரும் பகுதியே உள்ளே மடங்கியது. ஸ்டீயரிங் பொம்மை டிரைவரை நோக்கி வந்தது. உண்மையான ஆளாக இருந்திருந்தால் பிழைப்பது கடினம். மாலிபுவில் முன்பக்கம் முழுக்க நசுங்கியது. ஆனால் டிரைவர் உட்காரும் இடம் அப்படியே நின்றது. காலில் காயத்தோடு தப்பித்திருப்பார் என்பதுதான் முடிவு.

ஏன் அப்படி? ஒரு சின்னக் கணக்கு

கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்போம். விறைப்பாக நீட்டினால் விரல் உடையும். பந்து நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். காரிலும் அதே விஷயம்தான்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு சுவரில் மோதுகிறது. முன்பக்கம் மடங்காமல் விறைப்பாக இருந்து, உள்ளே இருப்பவர் வெறும் 10 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்க வேண்டி வந்தால், 60 கிலோ எடை உள்ளவர் மேல் சராசரியாக 6 டன் அளவுக்கு விசை பாயும். முன்பக்கம் மடங்கிக் கொடுத்து, 60 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் அது சுமார் 1 டன்னாகக் குறையும். தூரம் 6 மடங்கு கூடினால் அடி 6-ல் ஒரு பங்காகிறது.

இதற்காகவே இன்றைய கார்களின் முன்பக்கமும் பின்பக்கமும் மடங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகின்றன. நடுவில் ஆட்கள் இருக்கும் பகுதி மட்டும் அதிக வலுவான எஃகால் ஒரு கூண்டு போலச் செய்யப்படுகிறது. சின்ன இடிக்கே பம்பர் உடைந்து தொங்குவதைப் பார்த்து ‘தகரம்’ என்கிறோம். உண்மையில் அது நமக்குப் பதிலாக அடி வாங்குகிறது.

அம்பாசிடரில் இந்த ஏற்பாடு கிடையாது. அது 1950-களின் வடிவம். கார் மடங்குவது பற்றிய ஆராய்ச்சி உலகம் முழுவதும் பரவுவதற்கு முந்தைய காலம். லேசான உரசலில் அதன் மட்கார்டு தாங்கும், எதிர் வண்டிக்குக் கீறல் விழும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் ‘கெட்டி’ என்ற பெயர் வந்தது. ஆனால் 15 கி.மீ. வேகத்தில் மார்க்கெட் சந்தில் நடக்கும் உரசல் வேறு. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் ஹைவேயில் லாரிக்கு எதிரே 70 கி.மீ. வேகத்தில் நடக்கும் மோதல் வேறு.

பெல்ட், ஏர்பேக், பிரேக்

நம் நாட்டில் கார் தயாரிப்பாளர்கள் முன் சீட்டுக்கு பெல்ட் பொருத்தியே ஆக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 1994-ல்தான். அதற்கு முந்தைய அம்பாசிடர் பலவற்றில் பெல்ட்டே இருக்காது. பெல்ட் இல்லாமல் மோதினால், கார் நின்ற பிறகும் உடம்பு அதே வேகத்தில் முன்னால் போகும். போய் முட்டுவது ஸ்டீயரிங்கில் அல்லது இரும்பு டேஷ்போர்டில்.

பிரேக்கிலும் இதே கதைதான். பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து அழுத்தினால் சூடாகிப் பிடிப்பு குறையும். அவசரத்தில் முழு பலத்தில் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துக்கொண்டு போகும். இன்றைய கார்களில் இருக்கும் ஏபிஎஸ், சக்கரத்தைப் பூட்ட விடாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்பவும் முடியும்.

வேகம் இரட்டிப்பானால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் 4 மடங்காகும். அம்பாசிடரின் பிரேக் வடிவமைக்கப்பட்டது 50 கி.மீ. வேகம் என்பதே பெரிய வேகமாக இருந்த ரோடுகளுக்கு. இன்று அதே வண்டி நான்குவழிச் சாலையில் 90-ல் போகும் கார்களுக்கு நடுவே ஓடுகிறது. முன்னால் போகும் கார் சட்டென நின்றுவிடும். அம்பாசிடர் நிற்காது.

புதிய டிசையரில் 6 ஏர்பேக், ஏபிஎஸ், எல்லா சீட்டுக்கும் பெல்ட். குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில், பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கிய முதல் மாருதி கார் இதுதான்.

அப்போ புது கார் என்றாலே பாதுகாப்பா?

இல்லை! பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் முதன்முதலாக இந்தியக் கார்களைச் சோதித்தது. ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஏர்பேக் இல்லாத மாடல்களான அந்த 5 கார்களுக்கும் கிடைத்தது பூஜ்ய ஸ்டார். அம்பாசிடர் உற்பத்தி நின்ற அதே வருடத்தின் நிலைமை இது.

அதன் பிறகுதான் விதிகள் இறுகின. மோதல் சோதனை விதி 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபரில் எல்லா கார்களுக்கும் கட்டாயமானது. 2019-ல் ஏபிஎஸ்ஸும் டிரைவர் ஏர்பேக்கும் வந்தன. முன்பக்கம் இரண்டு ஏர்பேக் என்பது எல்லா கார்களுக்கும் 2022 ஜனவரியிலிருந்து.

ஆக, அம்பாசிடரை விற்றுவிட்டு 2012 மாடல் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவதால் மட்டும் குடும்பம் பாதுகாப்பாகிவிடாது. தயாரித்த வருடம், ஏர்பேக் எண்ணிக்கை, ஏபிஎஸ் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவு செல்வாக்கு இருந்தும் அம்பாசிடர் ஏன் நின்றது?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதுவரை கார் வாங்க வருடக்கணக்கில் காத்திருந்த மக்களுக்கு, சின்னதாக, மைலேஜ் தரும், தொல்லை இல்லாத கார் கிடைத்தது. சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அரசு அலுவலகங்களும் டாக்ஸிகளும்தான் அம்பாசிடருக்கு மிச்சம்.

அந்த டாக்ஸி சந்தையும் 2010-க்குப் பிறகு கைநழுவியது. அந்த வருடம் ஏப்ரலில் சென்னை உட்பட 13 பெருநகரங்களில் பிஎஸ்-4 புகை விதி வந்தது. அம்பாசிடரின் டீசல் இன்ஜின் அப்போது அந்த விதிக்குள் வரவில்லை. பிஎஸ்-4 அம்பாசிடர் வந்தபோது 2013 ஆகிவிட்டது. அதற்குள் டாக்ஸி ஸ்டாண்டுகளை டிசையரும் இண்டிகாவும் பிடித்துவிட்டன. 2013-14-ல் நாடு முழுக்க விற்ற அம்பாசிடர்கள் 2,200 சொச்சம்தான். 2017-ல் ‘அம்பாசிடர்’ என்ற பெயரை மட்டும் பிரான்ஸின் பூஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

பாக்கெட்டுக்கு எது?

நெய்வேலியிலிருந்து சென்னைக்கு சுமார் 200 கி.மீ. பெட்ரோல் அம்பாசிடர் லிட்டருக்கு 9 கி.மீ. கொடுத்தால் ஒரு வழிக்கு 22 லிட்டர். டிசையருக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் 24.79 கி.மீ. ரோட்டில் 18 என்றே வைத்துக்கொண்டாலும் 11 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஒரு வழிக்கே 1,100 ரூபாய் வித்தியாசம்.

இன்னொரு விஷயம், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இன்று பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். எத்தனால் பழைய ரப்பர் குழாய், வாஷர், சீல் ஆகியவற்றைச் சீக்கிரம் கெடுக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் லைனில் கசிவு இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது அவசியம். இது மைலேஜ் பிரச்னை மட்டும் அல்ல, தீ பிடிக்கும் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த வண்டி: 15 வருடம் ஆனாலே ஓட்டக்கூடாது என்பது டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 15 வருடம் முடிந்ததும் ஆய்வுக்குக் காட்டி ஆர்சியைப் புதுப்பிக்கலாம். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. புதுப்பிக்கும் கட்டணம் 15 வருடத்தைத் தாண்டிய கார்களுக்கு 5,000 ரூபாய். 20 வருடத்தைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். பசுமை வரியும் இன்சூரன்ஸும் தனி.

அரசு வண்டி: இங்கே சலுகை இல்லை. மத்திய, மாநில அரசுகள், பொதுத்துறை நிறுவனங்களின் வாகனங்களுக்கு 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. மத்தியப் பொதுத்துறை நிறுவனமான என்எல்சிக்கும் இது பொருந்தும். கடைசி அம்பாசிடர்கள் தயாரானது 2014 மே மாதம். 15 வருடம் கூட்டினால் 2029. அந்தக் கணக்குப்படி இன்னும் கொஞ்ச காலத்தில் அரசு வண்டியாக ஓடும் அம்பாசிடரே இந்தியாவில் இருக்காது.

விண்டேஜ் வண்டி: 50 வருடத்தைத் தாண்டி, பாடியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத கார் என்றால் விண்டேஜ் பதிவு வாங்கலாம். இது 2021-ல் வந்த விதி. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டக்கூடாது.

வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

அம்பாசிடரைக் கொடுக்க மனசு வரவில்லையா? தாராளமாக வைத்துக்கொள்ளலாம். சில விஷயங்களை மட்டும் விடக்கூடாது.

1. முன் சீட்டுக்காவது பெல்ட் பொருத்துங்கள். வெறும் தகட்டில் போல்ட் போட்டால் பயன் இல்லை. உறுதியான இடத்தில் பட்டி கொடுத்து மாட்டத் தெரிந்த பட்டறையில் செய்யுங்கள்.

2. டயரில் டிரெட் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஷெட்டில் நின்றாலும் ரப்பர் இறுகும். டயர் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது.

3. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரக்கறை தெரிந்தால் உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

4. ஊருக்குள், பகலில், குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். டவுன்ஷிப்பின் மரநிழல் ரோடுகளுக்கு அம்பாசிடர் இன்றும் பொருத்தமான வண்டிதான்.

5. குழந்தைகளை வைத்துக்கொண்டு ராத்திரி ஹைவே பயணம் வேண்டாம். மடியில் இருக்கும் குழந்தையை மோதலின்போது எந்தப் பெற்றோராலும் கையால் பிடித்து நிறுத்த முடியாது.

கடைசியாக...

அம்பாசிடர் தோற்றுப்போன கார் அல்ல. அது ஓட வேண்டிய ரோடும் வேகமும் மாறிவிட்டன. மூன்று தலைமுறையை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் சுமந்த வண்டி மேல் பாசம் இருப்பது நியாயம். அந்தப் பாசத்தில் ‘இது நம்மைக் காப்பாத்தும்’ என்று நம்புவதுதான் தப்பு.

ஆர்சி புதுப்பிக்கும் தேதி வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலை அம்பாசிடரில் மார்க்கெட்டுக்குப் போய்வரட்டும். சென்னைக்குப் போகும்போது எல்லோரும் பெல்ட் போட்டுக்கொண்டு, ஏர்பேக் உள்ள காரில் ஏறட்டும்.